பேக்ஸ்பேஸைப் பூட்டிவைக்கும் ஆப்: ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு

ஒரே ஒரு வசதிக்காகத்தான் இதை வாங்கினேன். டைமரைத் தட்டிவிட்டால் அது முடிகிறவரை பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. மேலே போய்த் திருத்தவும் முடியாது. அடித்தது அடித்ததுதான்.

அதற்கு முன் ஒரு சிறுகதையின் முதல் வரியோடு பதினொரு நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "மழை வரும்போல இருந்தது." "மழை வருகிற மாதிரி இருந்தது." "வானம் இருட்டிக்கொண்டு வந்தது." ராத்திரி நன்றாகத் தெரிகிற வரி காலையில் பார்த்தால் கூசும். அழித்துவிடுவேன். நமக்கு எழுத வராது போல என்று முடிவுகட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். கணக்குப் பார்த்தால் எழுதிய நேரத்தைவிட அழித்த நேரம்தான் அதிகம்.

முதல் வாரம் கொடுமை. பிழையோடு நிற்கிற சொல்லைப் பார்த்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். விரல் தானாக அந்த மூலைக்குப் போய்ப் போய்த் திரும்பும். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, "அக்கா வாசலில் நின்றாள்" என்று எழுதப்போய் "அப்பா" என்று விழுந்துவிட்டது. நான் தமிழ்99 விசைப்பலகை ஆள். அதில் க-வும் ப-வும் பக்கத்துப் பக்கத்து விசைகள். அழிக்க வழியில்லை, டைமரில் இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது. சரி என்று "நின்றார்" என்று முடித்தேன். என் கதையில் அப்பாவே கிடையாது. வந்துவிட்டாரே, எதற்கு வந்தார் என்று கேட்டுக்கொண்டு எழுதினேன். மணி அடித்தபோது இரண்டு பக்கம் ஆகியிருந்தது. மோசமான இரண்டு பக்கம்தான், ஆனால் அன்றைக்குத்தான் எழுத உட்காரும் பயம் கொஞ்சம் விட்டது.

இனி குறைகள். தினசரி இலக்காக 500 சொல் என்று ஆப் தானாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகப் பிரிகிற விஷயத்தை நாம் "வந்துகொண்டிருக்கிறார்களாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், ஆப்புக்கு அது ஒன்றுதான். இலக்கை எட்டுவதற்காக நான் சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டேன், வெட்கக்கேடு. அமைப்புகளில் போய் சொல் கணக்கை அணைத்து நேரக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு 25 நிமிடம், வேலையைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்கிற பொமடோரோ முறைக்காரர்கள் வைக்கிற அதே அளவு, எனக்குப் போதும்.

பெரிய கோபம் 'தொடர் நாட்கள்' எண்ணின் மேல். 41 நாள் விடாமல் எழுதியிருந்தேன். காய்ச்சலில் ஒரு நாள் படுத்தேன். மறுநாள் திறந்தால் பெரிய எழுத்தில் பூஜ்ஜியம்! அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஒன்பது நாள் ஆப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒன்பது நாள் தண்டனை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை என்பதும் அதில் இருக்கிறது. ஆப்பைச் செய்தவர்கள் அதைப் படித்திருக்கலாம். அந்த எண்ணை மறைக்க அமைப்புகளில் வழியே இல்லை. நான் திரையின் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

பிடிஎஃப் ஆக்கினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. என்ன எழுதினாலும் "அபாரம்!" என்று ஒரு பட்டாசு வேறு. குப்பை என்று எனக்கே தெரிந்த நாளிலும் அதே பட்டாசு, அதனால் நல்ல நாளிலும் அதை நம்ப முடிவதில்லை.

கவிதை எழுதுகிறவர்களுக்கு இது சரிப்படாது என்று நினைக்கிறேன். திருத்தும் கட்டத்தில் யாருக்குமே உதவாது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை.

அந்த மழை வரியா? கதையை முடித்துவிட்டுத் திருத்த உட்கார்ந்தபோது முதல் பத்தியையே எடுத்துவிட்டேன். இப்போது கதை வாசலில் நிற்கிற அப்பாவிலிருந்துதான் தொடங்குகிறது.