அயோடின் கலந்த கல்லுப்பு பாக்கெட்: கடற்காற்றுக்குத் தாங்குமா?

ராமநாதபுரம் கடலோரத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமே இருக்கிறது. கடைகளில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் கல்லுப்பும் கிடைக்கும், 'அயோடின் கலந்தது' என்று அச்சடித்த ஒரு கிலோ பாக்கெட்டும் கிடைக்கும். இங்கே பேச்சு பாக்கெட்டைப் பற்றி.

"கடல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா?" என்பார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் சுமார் 35 கிராம், அயோடின் 0.06 மில்லிகிராம். அத்தனையும் பாத்தியிலேயே தங்கினால்கூட கிலோவுக்கு 2 மில்லிகிராமைச் சுற்றித்தான் வரும்; தங்குவதும் இல்லை. கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிக்கு 250. தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்வதே இதை வைத்துத்தான். குறைந்தால் கழுத்தில் கழலை, வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு.

இனி பாக்கெட். பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்துக் கலப்பதால் அயோடின் பெரும்பாலும் கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். கல்லுப்பின் பலவீனமே இதுதான். சுத்திகரிக்காத உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும். கீழக்கரை, பாம்பன் காற்றில் பிரித்து வைத்த பாக்கெட் சீக்கிரமே கசியத் தொடங்கும். அயோடேட்டும் அந்த நீரோடு அடிக்கு இறங்கிவிடும். மேலே இருப்பதை அள்ளினால் குறைவு, அடியில் மிகுதி. மண்சட்டியில் கொட்டினால் அந்த நீரைச் சட்டியே குடித்துவிடும். மூடியுள்ள பீங்கான் ஜாடியோ கண்ணாடி பாட்டிலோ நல்லது, அடுப்புப் பக்கம் வேண்டாம், ஈரக் கரண்டி கூடவே கூடாது.

தூசி இருக்கிறதென்று கல்லுப்பைக் கழுவும் பழக்கம் உண்டு. கழுவிய தண்ணீரோடு அயோடினும் போய்விடும். அதற்குப் பதில் கரைத்து, தெளியவிட்டு, வடித்து, அந்த உப்புத் தண்ணீரையே குழம்பில் ஊற்றலாம்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். மூலையில் நீர் தேங்கிய பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். சோதிக்க வேண்டுமானால், வெட்டிய உருளைக்கிழங்கில் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் பூத்தால் அயோடின் உண்டு. எவ்வளவு என்று அது சொல்லாது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். ஊறுகாய்க்கும், சோறு வடிக்கும் உலைக்கும் இது போதும். தினசரிச் சமையலுக்கு அயோடின் சீராகக் கலந்த தூள் உப்பே மேல். கருவாடு போட சாக்கு உப்பு சரி, ஆனால் அதே சாக்கு சமையலறைக்குள் வரக்கூடாது. அயோடின் போதவில்லையென்று உப்பைக் கூட்டவும் வேண்டாம், நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள். மீதியை மீனும் நண்டும் பார்த்துக்கொள்ளும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் மட்டும், டாக்டர் சொல்லும் நாள்வரை இந்தப் பாக்கெட்டைத் தொடக்கூடாது.