திருச்சியிலிருந்து பலாலிக்கு ஒரு மணி நேரம்

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே நேர்கோடு போட்டுப் பார்த்தேன். 185 கிலோமீட்டர் அளவில்தான் வருகிறது. இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. அந்தக் கணக்குப்படி 22 நிமிடம் போதும். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, ஏறி முடிவதற்குள் இறங்கத் தொடங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

லண்டனிலிருந்து சென்னை வந்து, ரயிலில் திருச்சி போய், உறையூரில் அக்கா வீட்டில் நாலு நாள் நின்றுவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன். காலை ஒன்பதரைக்கு ஆட்டோ. 2024இல் திறந்த புது டெர்மினல் பெரிது, பளிச்சென்று இருக்கிறது. சிக்கல் செக்-இன் கவுண்டரில் வந்தது. லண்டன் விமானத்தில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி கொண்டுவந்தவள் நான். இது தனி டிக்கெட், அந்த அளவு இங்கே செல்லாது. டிக்கெட்டில் எழுதித்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் மிச்ச எடைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கவுண்டரில் இருந்த பிள்ளை மூன்று பேரிடம் கேட்டு மூன்று தொகை சொன்னது. அக்காவை போனில் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

முன்வரிசைதான் நல்லது என்று நினைத்து 2ஆம் வரிசை எடுத்திருந்தேன். ஏடிஆரில் வால் பக்கக் கதவால்தான் ஏற வேண்டும், இறங்குவதும் அதே வழி. கடைசி ஆளாக இறங்கினேன். அதற்கு ஈடாக, ஜன்னலை ஒட்டி விசிறி சுற்றுவதைப் பார்த்தபடி இருக்கலாம். வயல் முடிந்து கடல் வந்தது. தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடிப்பதற்குள் பனைமரங்கள்.

பலாலி சின்னக் கட்டடம், ஒரு விமானத்து ஆட்கள் வந்தாலே நிரம்பிவிடும். இலங்கை விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருந்ததால் குடிவரவில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சித்தப்பா வெளியே காத்து நின்றார்.

"பிளேனிலை இருந்த நேரத்தை விட லைனிலை நிண்ட நேரம் கூட போலை" என்றார். அவருக்கு இது புது வழியே இல்லை. 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோனின் டகோட்டா விமானம் கொழும்புப் பக்கம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. அப்போது பலாலியைக் காங்கேசன்துறை என்றுதான் சொன்னார்களாம். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததை "திருப்பித் திறந்தது" என்றே சித்தப்பா சொல்கிறார்.

கோப்பாய் வீட்டுப் படியேறும்போது மூன்றரை. வாசலுக்கு வாசல் ஆறு மணி நேரம், அதில் ஆகாயத்தில் ஒரு மணி கூட இல்லை. ஆனாலும் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி இரவு முழுக்க வேனில் முதுகு நோக வருவதற்கு இது எவ்வளவோ மேல். அடுத்த முறையும் இப்படித்தான் வருவேன், ஒரே பெட்டியோடு.

மற்றப் பெட்டி இன்னும் உறையூரில்தான். சித்தப்பாவுக்கு வாங்கிய சப்பாத்து அதற்குள் இருக்கிறது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.