தருமபுரியிலிருந்து கேரவன்: வாடகை வண்டியும் அதற்குத் தோதான ஊர்களும்

ஓய்வு பெற்றபின் நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் என் வயதுப் பெண்கள் பலர் கடைசியில் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். காசும் முட்டிவலியும் ஒரு பக்கம் இருந்தாலும் பெரிய தடை கழிப்பறைதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அடிக்கடி வண்டியை நிறுத்தியாக வேண்டும். கூட வருகிறவர்களிடம் சொல்லக் கூச்சம். அதனால் தண்ணீரே குடிக்காமல் போய், நீர்க்கடுப்போடு ஊர் திரும்புவார்கள். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுவதும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டியை வாடகைக்கு எடுக்கப் போனபோது முதலில் கழிப்பறைக் கதவைத்தான் திறந்து பார்த்தேன்.

வண்டி எடுத்தது பெங்களூரில். நிறுவனத்தின் பெயரைப் போடாமலே எழுதுகிறேன்; கேரவன் விடுகிற யாரிடமும் கேட்க வேண்டிய விஷயங்கள்தான் இவை. ஃபோர்ஸ் டிராவலர் வேனை உள்ளே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இருவர் தாராளமாகப் படுக்கலாம், பேரன் பேத்தி வந்தால் நால்வர். சின்ன ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, கூரையில் ஏசி, 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி. நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். அதாவது நாமே ஓட்டிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கியே காலம் கழித்தவர். அவருக்கு இது சின்ன வண்டி. கார் மட்டும் ஓட்டிப் பழகியவர்களும் ஓட்டலாம். சாதாரண இலகுரக உரிமத்திலேயே 7,500 கிலோ வரையுள்ள வாடகை வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உரிமம் வேறு, கை வேறு. உயரமான வண்டி திருப்பத்தில் சாயும், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருக்கிறவர்கள் தயவு செய்து இதைத் தொடாதீர்கள். தொப்பூரில் லாரிகள் அப்படித்தான் கவிழ்கின்றன.

சரி, கழிப்பறைக்கு வருகிறேன். கீழே இழுத்து எடுக்கிற பெட்டி மாதிரியான அமைப்பு, சுமார் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேர் உபயோகித்தால் இரண்டு நாளில் நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் அதைச் செப்டிக் டேங்க் இணைப்புள்ள ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அப்படிப்பட்ட இடம் அபூர்வம். வாய்க்காலிலும் புதரோரத்திலும் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கு பரவினால் ஒரு ஊர் என்ன பாடுபடும் என்று பார்த்தவள் நான், என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இதனாலேயே எங்கள் பயணத்தில் ஊர் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிப்போனது. என்ன பார்க்கலாம் என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. ராத்திரி எங்கே நிறுத்துவது, பெட்டியை எங்கே காலி செய்வது, தண்ணீர் யார் தருவார்கள், இவைதான் முதல் கேள்விகள்.

இதற்குப் பதில் கிடைக்கிற ஊர்களாகப் பார்த்துப் போனால் கேரவனைப் போலச் சுகமான பயணம் இல்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாமே சரியாக உணர்வதில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 44-ஆம் நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே வழியாகச் சென்னை போகும் 48-ஆம் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. நாட்டின் எந்த மூலைக்குப் போவதென்றாலும் நமக்குப் புறப்படும் இடம் அதுதான். வண்டியைப் பெங்களூரில் எடுத்து நேரே போகாமல், ஊருக்குக் கொண்டு வந்து வாசலில் ஒரு ராத்திரி நிறுத்தி அதிலேயே தூங்கிப் பார்த்தோம். எல்லோரும் இதைச் செய்யுங்கள். மோட்டார் சத்தம், படுக்கை உயரம், ராத்திரி எழுந்து போகும்போது தலை எங்கே இடிக்கிறது, எல்லாம் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். ஊருக்குள் வரும்போது புளியமரக் கிளைகளைக் கவனியுங்கள். பழைய சாலைகளில் இரண்டு பக்கமும் தாழ்ந்து நிற்கும், கூரை ஏசியில் உரசும். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப் பாலங்களிலும் உயர அளவைப் பார்த்துவிட்டே நுழைய வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது மலைதான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. என் தங்கையும் "அக்கா, ஊட்டிக்குப் போங்க, ஏசியே வேணாம்" என்றாள். இந்த வண்டிக்கு மலை சரிவராது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. அத்தனை வளைவில் உள்ளே இருக்கும் பாத்திரமும் மருந்து டப்பாவும் எந்த நிலைக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு வாங்க வேண்டும். மைசூரிலிருந்து ஊட்டி போகும் பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்தே இல்லை. திம்பத்திலும் இரவுத் தடை உண்டு. யானைக்கும் மானுக்கும் ராத்திரியில் வழி வேண்டும், அந்தத் தடைகள் நியாயமானவை. மேலே போய்ச் சேர்ந்தாலும் சரிவில் வண்டியைச் சமமாக நிறுத்த இடம் கிடைக்காது. சாய்ந்து நின்றால் படுத்தவர் உருள்வார், தொட்டித் தண்ணீரும் ஒரு பக்கம் ஒதுங்கும். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்தது, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்திருக்கிறது. அங்கே வண்டியோடு நாமே ஏறுவதைவிட அங்கேயே நிற்கிற வண்டியில் தங்குவது நல்லது.

கடற்கரையும் சுமார்தான். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்தால் கிளப்பிவிடுவார்கள். உப்புக்காற்று பட்ட பிளக் பாயின்ட்டைப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்.

மிச்சம் இருப்பது தக்காணப் பீடபூமி, அதாவது நமக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கிற சமதரை. மார்கழி, தை மாதத்தில் இந்த வண்டிக்கென்றே போட்ட தரை போல இருக்கிறது. முதலில் லேபாக்ஷி. பெங்களூர் தாண்டி 44-லேயே போய், ஆந்திர எல்லைக்கு அப்பால் கொஞ்சம் உள்ளே திரும்பினால் வந்துவிடும். ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி, தரையில் முழுதாகப் பதியாத தூண். அங்கிருந்து கதிரி, புலிவெந்துலா வழியாகக் கண்டிகோட்டா. பென்னாறு சிவப்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு அது, விளிம்பிலேயே கோட்டை. நம் கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணையும் கண்டிகோட்டாவின் பென்னாறும் ஒரே நந்தி மலைப் பகுதியில் பிறந்தவை, ஒன்று தெற்கே வந்தது, இன்னொன்று வடக்கே போனது. அதைத் தெரிந்துகொண்டு அந்த விளிம்பில் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. விடுதி வளாகத்தில் கட்டணம் கட்டி வண்டியை நிறுத்தினோம். கழிப்பறையும் தண்ணீரும் கிடைத்தன.

அப்புறம் ஹம்பி. இடிபாடுகளுக்கு நடுவே வண்டியை ராத்திரி போடலாம் என்று நினைக்க வேண்டாம், பாதுகாக்கப்பட்ட பகுதி. ஹோஸ்பேட்டில் ஒரு லாட்ஜ் வளாகத்தில் நிறுத்திவிட்டுப் பகலில் ஆட்டோ பிடித்துப் போனோம். விட்டலர் கோயிலுக்குத் தள்ளியே எல்லா வண்டியையும் நிறுத்திவிடுவார்கள், பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு அது வரம். பாதாமி எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. குடைவரைகளும் கீழே அகத்திய தீர்த்தக் குளமும், பக்கத்திலேயே கோயில் ஊர்களான பட்டடக்கல்லும் ஐஹொளேயும். ஜோள ரொட்டி சாப்பிட்டால் நம் களி சாப்பிட்ட மாதிரி வயிறு தாங்குகிறது. குரங்குகள் அதிகம், வண்டியின் கொசுவலை ஜன்னலை இழுத்து மூடி வையுங்கள்.

இனி வண்டியின் நிறைகுறைகள். ஃபிரிட்ஜுக்கு என் முழு மதிப்பெண். என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் போடுகிறோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தெர்மாமீட்டர் வைத்து அடிக்கடி பார்த்தேன். வண்டி ஓடினாலும் நின்றாலும் குளிர் மாறவில்லை. பின்சுவரை ஒட்டி மட்டும் மருந்து வைக்கக் கூடாது, அங்கே பனி படிகிறது.

ஏசி பற்றி விளம்பரத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். நின்ற இடத்தில் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், ராத்திரி முழுக்க ஓட வேண்டுமானால் வெளி மின்சாரம் வேண்டும். லாட்ஜ்காரர்கள் தருவது பெரும்பாலும் 5 ஆம்பியர் பிளக். அதில் மெல்லிய ஒயர் போட்டு ஏசியை இழுத்தால் சூடேறி உருகும். 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போனோம். குளிர்காலத்தில் ஏசியே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இண்டக்‌ஷனில் சாதம், ரசம், கீரைக் கடைசல் எல்லாம் ஆகும். கேழ்வரகுக் களி ஆகாது. துடுப்புப் போட்டு அழுத்திக் கிண்டினால் பாத்திரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பாதாமியில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. நிறுவனத்துக்கு போன் போட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் எடுக்கவில்லை. இவர் இருக்கையைத் தூக்கி ஃபியூஸைக் கண்டுபிடித்து மாற்றினார். ஓட்டுநர் வேலை தெரியாத ஒரு குடும்பம் என்ன செய்திருக்கும்? வண்டியோடு ஒரு தாளில் ஃபியூஸ் எது எங்கே என்று தமிழிலோ கன்னடத்திலோ எழுதிக் கொடுக்கலாமே. திருப்பி விட்டபோது, கூரையில் இருந்த ஒரு கீறலைக் காட்டி முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார்கள். எடுக்கும்போதே கூரை உட்பட வீடியோ எடுத்து வைத்திருந்ததால் முழுப் பணமும் வந்தது. ஏணி கேட்டு வாங்கி மேலேயும் எடுங்கள்.

நாள் வாடகை 10,000 ரூபாய்க்கு மேல், டீசலும் சுங்கமும் தனி. சுங்கச்சாவடியில் காருக்கான கட்டணம் என்று கணக்குப் போடாதீர்கள், மினி பஸ் வகையில் எடுக்கிறார்கள். காரும் லாட்ஜும் இதைவிட மலிவாக முடியும். சர்க்கரை, மூட்டுவலி, மருந்து ஃபிரிட்ஜ் என்று எதுவும் இல்லாதவர்கள் அப்படியே போகலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் காசு தகும். பயணம் முழுக்க நான் வயிறாரத் தண்ணீர் குடித்தேன்.

சொந்தமாக வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வருஷத்தில் பத்து மாதம் வெயிலில் நின்றால் டயரும் பேட்டரியும் வீணாகும். அடுத்து 48-ஐப் பிடித்துக் குஜராத்தின் கட்ச் வரை போக யோசனை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் வெள்ளை ரண் என்ற உப்புப் பாலை, நவம்பருக்குப் பிறகுதான் உப்புத் தரையாகக் காய்ந்து கிடைக்கும். உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தோர்டோ கிராமத்துப் பக்கம் தங்க இடங்கள் உண்டு. அங்கே வண்டி நிறுத்தவும் பெட்டி காலி செய்யவும் யார் விடுவார்கள் என்று இப்போதே போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி இதே நிறுவனத்தில்தான், ராத்திரி போன் எடுக்க ஆள் போடுவோம் என்று எழுதிக் கொடுத்தால்.