பொம்மை காரின் ரிமோட் எட்டும் தூரம்: எந்த மாற்றம் எவ்வளவு பலன் தரும்?

பெங்களூரில் விற்கும் விலை மலிவான ரிமோட் கார்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டியதும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் மூன்று யோசனைகள் உடனே வந்துவிடும்: பேட்டரியைக் கூட்டு, ஆன்டெனாவை நீளமாக்கு, மின்னணுப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஓர் ஆம்ப்ளிஃபையர், அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் கருவி, வாங்கிச் சேர். விவரம் தெரிந்தவர்கள் நான்காவதாக, பழையதைக் கழற்றிவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாம் என்பார்கள். ஆனால் காரின் உள்ளே இருக்கும் ரிசீவரைச் சீர்செய்வது என்னும் ஐந்தாவது வழியை யாரும் சொல்வதில்லை. என் கணிப்பில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். அந்த ஆம்ப்ளிஃபையரை மட்டும் யாரும் தொடவே கூடாது.

இந்த வகைக் கார்களில் பல 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குபவை. ரிமோட்டில் டிஎக்ஸ்-2பி, காரில் ஆர்எக்ஸ்-2பி என்னும் சிப் இணையை அடிக்கடி காணலாம். முன்னே, பின்னே, இடம், வலம், டர்போ என்ற ஐந்து கட்டளைகளை அது துடிப்புகளாக மாற்றி அனுப்புகிறது. வழிகளை எடைபோடும் முன் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தடையற்ற வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஆற்றல் தேவை. ரிமோட்டும் காரும் தரையை ஒட்டியே இருக்கும்போது, தரையில் பட்டுத் திரும்பும் அலை நேரலையைப் பெருமளவு அழித்துவிடுவதால், அதே இரட்டிப்புக்கு ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆற்றல் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பேட்டரி யோசனை மிகவும் சுருங்கிவிடுகிறது. 9 வோல்ட்டை 12 ஆக்கினால் ஆற்றல் சுமார் 1.8 மடங்காகும். திறந்தவெளியில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம்; தரையோரம் பதினைந்து சதவீதம் மட்டுமே. இருபது மீட்டர் ஓடிய கார் இருபத்து மூன்று மீட்டர் ஓடும், அவ்வளவுதான். அதற்கு விலையாக, ரிமோட்டில் அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் டிரான்சிஸ்டர் சூடாகும். டிஎக்ஸ்-2பி சிப் 5 வோல்ட் வரை மட்டுமே இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்பதால், அதற்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் பலகையில் இல்லாவிட்டால் ரிமோட்டே வீணாகிவிடும். இறங்கிப்போன பேட்டரியை மாற்றுவது நல்லது. அதற்கு மேல் இந்த வழியில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஆன்டெனாவின் கதை வேறு. 27.145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். முறையான கால் அலை ஆன்டெனா 2.76 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். பொம்மை ரிமோட்டில் இருப்பதோ ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கம்பி. ஆற்றலை அலையாக வெளியேற்றும் திறனைக் காட்டும் அளவுக்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர்; இவ்வளவு குட்டையான கம்பியில் அது ஓர் ஓமுக்கும் குறைவு. ஆகவே ரிமோட் உண்டாக்கும் ஆற்றலில் பெரும்பகுதி கம்பியின் அடியில் உள்ள காயிலின் (கம்பிச்சுருளின்) தடையிலேயே வெப்பமாக வீணாகிறது. கதிர்வீச்சுத் தடை கம்பி நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், 30 சென்டிமீட்டரை 60 ஆக்கி, ரிமோட்டின் அதிர்வெண்ணுக்கு மறுபடியும் ஒத்திசைத்தால், வெளியேறும் ஆற்றல் நான்கு மடங்கை நெருங்கும். மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குவதற்கு ஈடான இந்தப் பலன், பேட்டரிக்குப் பெரிய சுமை ஏற்றாமலே கிடைக்கிறது.

‘மறுபடியும் ஒத்திசைத்தால்’ என்ற நிபந்தனையில்தான் பலர் தோற்கிறார்கள். கம்பியின் அடியில் உள்ள காயில் அந்தக் குட்டைக் கம்பிக்கென்றே சுற்றப்பட்டது. கம்பி நீண்டதும் ஒத்திசைவு கீழே நகர்ந்துவிடுவதால், காயிலில் ஓரிரு சுற்றுகளைக் குறைக்காமலோ அதன் ஃபெரைட் திருகை நகர்த்தாமலோ விட்டால், ஆன்டெனா நீண்ட பிறகு தூரம் குறைவதும் உண்டு. அந்தத் திருகைச் சிலர் இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்புகிறார்கள். கருவியை எடுத்தவுடனே அளவு மாறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் கருவிதான் சரி. 1என்34ஏ போன்ற ஒரு ஜெர்மானியம் டயோடு, சிறு கெப்பாசிட்டர், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைக் கொண்டு சமிக்ஞையின் வலிமையை அருகிலிருந்தே அளந்துகொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: ஆன்டெனாவின் மறுபாதியாக இயங்குவது பலகையின் நெகடிவ் பக்கமும் பிடித்திருப்பவரின் கையும்தான். நெகடிவ் முனையிலிருந்து ஒரு மீட்டர் வயரைத் தொங்கவிட்டால் அந்த மறுபாதி பலப்படும். சிறு குழந்தைகள் கையில் நீளமான கம்பியைக் கொடுப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதன் முனையில் ஒரு ரப்பர் மூடியாவது இருக்க வேண்டும்.

இனி காருக்கு வருவோம். என் தங்கை மகனுடைய காரைத் திறந்தபோது, மேலே குழாய்க்குள் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஆன்டெனா வயர் பாதி நீளம் உள்ளேயே சுருண்டு, பின்மோட்டாரின் சிவப்பு, கறுப்பு வயர்களோடு ஒரே டேப்பில் கட்டப்பட்டுக் கிடந்தது. மோட்டார் முனைகளில் ஒரு கெப்பாசிட்டர்கூட இல்லை. இவ்வகை ரிசீவர்கள் பெரும்பாலும் சூப்பர்-ரீஜெனரேடிவ் வகையைச் சேர்ந்தவை. ஒற்றை டிரான்சிஸ்டரைக் கொண்டே மிக நலிந்த சமிக்ஞையையும் பிடித்துவிடும் இந்த அமைப்புக்கு, பக்கத்து அலைவரிசைகளையும் இரைச்சலையும் பிரித்தறியும் திறன் குறைவு. மோட்டாரின் பிரஷ்கள் ஓயாமல் பொறி கிளப்பும்போது அந்த இரைச்சலில் ரிமோட்டின் கட்டளை மூழ்கிவிடுகிறது. நிற்கும் கார் தொலைவிலிருந்தும் உடனே கிளம்புவதும், ஓடும் கார் அதைவிடக் குறைந்த தூரத்திலேயே கட்டளையைத் தவறவிடுவதும் இதனால்தான். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தரையில் சாக்பீஸால் குறித்துப் பார்த்தாலே நோய் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து, ‘104’ என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்கள் மூன்று: ஒன்று மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உறைக்கு. உறையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே சால்டர் பிடிக்கும். மோட்டார் வயர்களை முறுக்கிவிட்டு, ஆன்டெனா வயரைத் தனியே நிமிர்த்தி நிறுத்த வேண்டும். சில ரூபாய்ச் செலவில் முடியும் இந்த வேலைக்கு நிகரான பலன், அதே செலவில் ரிமோட் பக்கம் எங்கும் கிடைக்காது. எனவேதான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையரை நான் மறுப்பது பயந்த சுபாவத்தால் அல்ல. ஒற்றை டிரான்சிஸ்டரை வைத்து அவசரமாகக் கட்டிய பெருக்கி, மூல அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளையும், அதாவது ஹார்மோனிக்குகளையும் சேர்த்தே வீசும். 27.145இன் நான்காம் மடங்கு 108.58 மெகாஹெர்ட்ஸ். 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி விமானங்களின் வழிகாட்டுக் கருவிகளுக்கு உரியது. ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் இங்கேதான் இயங்குகிறது. 49.86 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வேறு வகைப் பொம்மையின் இரண்டாம் மடங்கோ 99.72, எஃப்எம் வானொலியின் நடுவே விழும். பழைய எச்ஏஎல் விமான நிலையம் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருக்கும் இந்த நகரத்தில், வடிகட்டி இல்லாத பெருக்கியை மொட்டை மாடியில் இயக்குவதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. அந்த விலக்கு ஹார்மோனிக் விழும் இடங்களுக்குப் பொருந்தாது. அடுக்குமாடி வளாகத்தில் வேறொரு குழந்தையிடம் அதே அலைவரிசைக் கார் இருந்தால், அந்தக் காரும் உங்கள் ரிமோட்டுக்கு ஆடத் தொடங்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஐம்பது மீட்டருக்கு மேல் உறுதியாக வேண்டுமென்றால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு முழுமையாக மாறுவதே நேர்மையான வழி. அதிலும் இரண்டு பாதைகள் உள்ளன. ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆயத்த ரிமோட் அலைவரிசை தாவும் முறையில் இயங்குவதால், வைஃபை நிறைந்த வளாகங்களிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் ரிசீவர் தருவது சர்வோவுக்கான, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டாருக்கான, துடிப்புகளை. பொம்மை காரின் ஸ்டீயரிங்கில் இருப்பதோ பெரும்பாலும் ஸ்பிரிங் பூட்டிய சாதாரண மோட்டார். சர்வோவும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் தனியே வாங்க வேண்டியிருப்பதால், செலவு காரின் விலையையே மிஞ்சிவிடும்.

கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஆர்டுயினோ நானோ என்னும் நிரல் எழுதக்கூடிய சிறு பலகை இரண்டு, என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் என்னும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூல் இரண்டு, மோட்டாரை இயக்கும் மோட்டார் டிரைவர் ஒன்று என்ற கூட்டணி. இங்கே தூரம் மென்பொருளிலிருந்தே வருகிறது. தரவு அனுப்பும் வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 250 கேபிபிஎஸ்ஸாகக் குறைத்தால், ரிசீவரின் உணர்திறன் மைனஸ் 82இலிருந்து மைனஸ் 94 டிபிஎம்முக்கு (சமிக்ஞை வலிமையின் அலகு) இறங்குகிறது; எண் இறங்க இறங்க இன்னும் நலிந்த சமிக்ஞையையும் பிடிக்கும். திறந்தவெளிக் கணக்கில் இது நான்கு மடங்கு தூரத்துக்குச் சமம், அதுவும் ஒற்றை வரி மாற்றத்தில். ஆம்ப்ளிஃபையர் பொதிந்த மாட்யூலை எடுத்தால், நானோவின் 3.3 வோல்ட் முனை அதன் மின்னோட்டப் பசிக்குப் போதாது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் தனி ரெகுலேட்டரும், மாட்யூலின் காலருகே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கட்டாயம். வைஃபையிலிருந்து விலக நூறுக்கு மேற்பட்ட சேனலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இணையக் குறிப்புகளை இங்கே பின்பற்றக் கூடாது. சேனல் 108 என்பது 2508 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டின் உரிமமற்ற பகுதி 2483.5இலேயே முடிந்துவிடுகிறது. 83க்குள் ஒரு சேனலில் நிற்பதே முறை.

ஆறேழு வயதுக் குழந்தை வளாகத்துக்குள் ஓட்டும் காருக்கு மூன்று கெப்பாசிட்டரும் நிமிர்ந்த ஆன்டெனாவும் போதும். மைதானம் வரை கொண்டுபோகிறவர்கள் அதன்பின் ரிமோட்டின் ஆன்டெனாவை நீட்டி ஒத்திசைக்கலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டி, சால்டரிங் அயர்னைப் பிடிக்கக் கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய பலகையை முழுவதும் எடுத்துவிட்டு நானோ வழிக்கே போகலாம்.