மடக்கும் கால் துடுப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்

சுழியோடும்போது காலில் மாட்டும் துடுப்பு, அதுதான் ஃபின்ஸ், மடக்கக் கூடியதாக வந்திருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் முகநூலில் விற்றுக்கொண்டிருக்கிறார். என்னிடம் 46,000 ரூபா வாங்கினார். அந்தத் துடுப்பு மூன்றாவது முறை கடலில் இறங்கியபோதே தண்ணீருக்குள் விட்டுப்போனது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. என்னோடு சுழியோடுகிறவர்களில் இரண்டு பேர் இதே சாமானை விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நான் சுழியோடப் பழகியது திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம். அங்கே வள்ளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், விளிம்பில் இருந்து துடுப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தால் சரி. எங்கள் வடக்குக் கரை அப்படியில்லை. கீரிமலையிலிருந்து மாதகல் வரை பல இடங்களில் சுண்ணாம்புக் கல்தான் கரை. கல்லுக்குள் குழியும் பொந்தும், மேலே வழுக்கும் பாசி, குழிக்குள் கறுத்த முள்ளோடு கடல் முள்ளெலி. முழங்கால் தண்ணீரில் ஐம்பது மீற்றர் நடந்தால்தான் நீந்தக் கூடிய ஆழம் வரும். பதினொரு லீற்றர் அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகவே பதினாலு கிலோ, இருநூறு பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால் இன்னும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். அதோடு மிதவை அங்கி, ஈயப் பட்டி. இவ்வளவையும் சுமந்துகொண்டு, அலை அடிக்கிற இடத்தில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலுக்குத் துடுப்பு மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டிய பிறகு பின்பக்கமாக நடக்கச் சொல்லித் தருவார்கள். மணலில் அது சரி. இந்தக் கல்லில் பின்பக்கமாக நடந்தால் கணுக்கால் போய்விடும்.

மடக்கும் துடுப்பு என்ற யோசனையில் பிழையே இல்லை. பாதம் வைக்கும் தட்டும், தண்ணீரைத் தள்ளும் நீண்ட அலகும் தனித்தனி, நடுவில் ஒரு பிணைச்சல். நடக்கும்போது அலகு மேலே மடிந்து முழங்காலுக்குக் கீழே எலும்போடு சேர்ந்து நிற்கும், உங்கள் சப்பாத்தின் அடியாலேயே நடக்கலாம். தண்ணீருக்குள் போனதும் அலகைக் கீழே தள்ளினால் ஒரு கொழுவி 'டக்' என்று விழுந்து பூட்டும். திரும்பி வரும்போது வாரை இழுத்தால் விடுபடும். நன்றாகச் செய்தவையும் உலகத்தில் இருக்கின்றன. நல்லதையும் கூடாததையும் பிரிப்பது அந்தப் பிணைச்சலும் கொழுவியும்தான். அந்த இரண்டையும் பார்க்காமல் நான் வாங்கினேன்.

தை மாதம் விற்பவரோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். அசல் சாமான், பிணைச்சல் ஆணி கடலுக்கென்றே செய்த துருப்பிடிக்காத உருக்கு, இரண்டு வருட உத்தரவாதம் என்றார். ஒரு வீடியோவும் அனுப்பினார். ஒரு வெள்ளைக்காரர் நீச்சல் தடாகத்தில் மடக்குகிறார், விரிக்கிறார், அழகாக நீந்துகிறார். அவருடைய முதுகில் சிலிண்டர் இல்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. 23,000 ரூபா வங்கியில் போட்டேன். "ரெண்டு கிழமையில கையில கிடைக்கும் அண்ணை" என்றவர் ஏழு கிழமை கழித்துப் பங்குனி தொடக்கத்தில் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார், மிச்சக் காசை வாங்கினார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு "வட்ஸ்அப்பில எல்லாம் இருக்குத்தானே அண்ணை" என்றார். நானும் தலையாட்டினேன்.

முதல் இரண்டு முறையும் காரைநகர் கசூரினாவில் இறங்கினேன். அது மணல், வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர், அலையும் இல்லை. துடுப்பு நன்றாகவே வேலை செய்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, நாலு பேருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்படி அனுப்பியதுதான் இப்போது மனதை அரிக்கிறது.

மூன்றாவது முறை சித்திரையில், கீரிமலைக்கு மேற்கே. வாடை ஓய்ந்து கடல் அடங்கியிருந்தது. நானும் மச்சானும் கல்லின் மேல் நடந்து போனோம், மடக்கிய துடுப்போடு நடப்பது உண்மையிலேயே லேசு. ஆறு மீற்றர் ஆழத்தில் கால் மணித்தியாலம் இருந்திருப்போம். திரும்பும் நேரம் நீரோட்டம் கிழக்காக இழுக்கத் தொடங்கியது. அதற்கு எதிராகக் கொஞ்சம் பலமாக உதைத்தேன். இடது காலில் ஏதோ நழுவியது. அடுத்த உதையில் காலை மேலே எடுத்தபோது அலகு மடிந்து முழங்கால் எலும்பில் அடித்தது. கீழே உதைத்தால் விரியும், மேலே எடுத்தால் மடியும், காற்றில் அடிபடும் படலை மாதிரி. இடது கால் தள்ளவே இல்லை, வலது காலின் தள்ளலில் உடம்பு ஒரு பக்கமாகச் சுற்றியது. மூச்சு வேகமாகப் போகிறது என்பது காதில் கேட்ட குமிழிச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது.

மச்சான் வந்து சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மெதுவாக மேலே வந்து, அங்கிக்குக் காற்று ஏற்றி மிதந்து, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல் சரிந்து சரிந்து கரையை நோக்கி நீந்தினோம். இறங்கிய இடத்திலிருந்து முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஏறினோம். மச்சான் ஒரு கைநீளத்தில் இருந்தபடியால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் ஒற்றைத் துடுப்போடு நீரோட்டத்தை எதிர்த்து உதைக்காதீர்கள், காற்று முடிந்துவிடும். துணைக்கு வந்தவரைப் பிடியுங்கள், மேலே வாருங்கள், மிதந்தபடி இருங்கள்.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது படலைக்குப் போடுற ஆணி. இதையோ கடலுக்குக் கொண்டு போனனீங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கழற்றினேன். ஆணி நாலு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. இரண்டு நுனியும் மினுங்கின, நடுவில், பிளாஸ்ரிக்குக்குள் மறைந்திருந்த பகுதியில், செம்மண் நிறத்தில் ஒரு வளையம். விரலால் தேய்த்தால் தூளாக வந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தைக் காட்டினேன், 'டப்' என்று ஒட்டியது. கடலுக்குப் பாவிக்கும் 316 வகை உருக்கில் மொலிப்டினம் சேர்ப்பார்கள், உப்புத் தண்ணீரைத் தாங்குவது அதனால்தான். அதில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் மெல்லிதாகத்தான். இது மேலே பூச்சுப் பூசிய சாதாரண இரும்பு. கொழுவியோ முழுக்கப் பிளாஸ்ரிக். அதன் பல் சூப்பிய கற்கண்டு மாதிரி உருண்டு போயிருந்தது, பொந்துக்குள் மணல் இறுகிக் கிடந்தது. மணல் அரைத்துப் பல் தேய்ந்திருக்கிறது, பலமாக உதைத்ததும் வழுக்கிவிட்டது.

விற்றவரோடு கதைத்தேன். "கல்லில நடந்திருப்பியள் அண்ணை, அதுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார். கல்லில் நடக்கத்தான் தம்பி இதை விற்றீர்கள் என்றேன். பிறகு பிழை கொழும்பில் இறக்கியவருடையது என்றார். பிறகு புதுச் சோடி வருகிறது, பொறுங்கோ என்றார். வைகாசி நடுப்பகுதி வரை பொறுத்தேன். கடைசியில் காசுக்குப் பதிலாக ஒரு முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் தருகிறேன் என்றார், இரண்டும் சேர்த்து எண்ணாயிரம் ரூபா பெறாது. வேண்டாம் என்றதும் என் இலக்கத்தை அடைத்துவிட்டார்.

இந்தப் 'பொறுங்கோ' விசயத்தில் கவனமாக இருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சாமான் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது தெரிந்தபோது ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, ஆணியின் போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் என்னென்ன வேண்டும் என்று கேட்கலாம்.

மடக்கும் துடுப்பு வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் ஆணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கொழுவிப் பல்லில் உலோகம் இருக்கிறதா, பொந்திலிருந்து மணல் கழுவுப்படுமா என்று பாருங்கள். சிலிண்டரோடு ஒருமுறை இறங்கிப் பார்க்கும் வரை முழுக்காசைக் கொடுக்காதீர்கள். நான் இப்போது பழைய துடுப்புக்கே திரும்பிவிட்டேன். இரண்டையும் கயிற்றில் கோர்த்துக் கையில் மாட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீருக்குப் போய், அங்கிக்குக் காற்று ஏற்றி மிதந்தபடி, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டுகிறேன். இரண்டு நிமிடம் கூடப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த வருடம் இதே சாமானை இதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முறையிடலாம். அதுவரைக்கும் அந்த ஆணியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால், அந்தத் துடுப்போடு கடலில் இறங்க வேண்டாம்.