ஜாஸ் சிங்கர் டிவிடி பெட்டி: மூன்றாவது டிஸ்க்குக்காகவே வாங்கலாம்

வார்னர் பிரதர்ஸ் 2007-ல் வெளியிட்ட 'தி ஜாஸ் சிங்கர்' மூன்று டிஸ்க் பெட்டியை வாங்கியவர்கள் முதல் டிஸ்க்கைக் கடைசியாகப் பாருங்கள். 1927 அக்டோபர் 6-ல் வந்த அந்தப் படத்தை முதல் பேசும்படம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, ஆனால் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி மௌனப் படம்தான். எழுத்து அட்டைகள் வந்துகொண்டே இருக்கும், நாயகன் ஆல் ஜோல்சன் பாடும் இடங்களில் மட்டும் உயிர் வரும், பேச்சு மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு நிமிடம் தேறும். பியானோ முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் அவர் வளவளவென்று பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்து "நிறுத்து" என்கிறார், உடனே படமும் ஊமையாகிவிடுகிறது. அந்த ஒரு இடம் இன்றைக்கும் அசத்தல். மற்றபடி கதை பழைய அழுகாச்சி. முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவர் வேடம் கட்டும் காட்சிகள் பார்க்கவே சங்கடம். அந்தக் கால மேடை வழக்கம் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது.

சரி, மூன்றாவது டிஸ்க். வைட்டாஃபோன் என்ற வார்னரின் அந்தக் கால ஒலிப்பட முறையில் எடுத்த குறும்படங்கள், மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மேடையில் பாடியும் ஆடியும் ஜோக் அடித்தும் பிழைத்த வாடெவில் கலைஞர்களைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் நிறுத்தி, உங்கள் ஐட்டத்தைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கேமரா சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதை ஒரு கூண்டுக்குள் அடைத்துவைத்த காலம், அதனால் அது அசையவே அசையாது. முதலில் சலிப்பாகத்தான் இருக்கும், அப்புறம் பாருங்கள், வெட்டும் ஒட்டும் இல்லாததால் அந்த ஆளின் டைமிங் அப்படியே முழுசாக நமக்குக் கிடைக்கிறது. ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் ஜோடியின் 'லாம்ப்சாப்ஸ்' (1929) ஒன்றே போதும்: உள்ளே வந்ததும் பார்வையாளர்களைக் காணோமே என்று அறை முழுக்கத் தேடுகிறார்கள்! பேபி ரோஸ் மேரி என்ற சின்னக் குழந்தை, குடித்துக் கெட்டுப்போன பெரிய மனுஷி குரலில் பாடுவதை நம்பவே முடியாது.

இவையெல்லாம் நம் கைக்கு வந்ததே ஆச்சரியம்தான். வைட்டாஃபோனில் ஒலி ஃபிலிமில் கிடையாது, 16 அங்குல இசைத்தட்டில் தனியாக இருக்கும், ஊசி உள்ளேயிருந்து வெளியே நகரும், ஒரு தட்டு ஒரு ரீலுக்கு, அதாவது சுமார் 11 நிமிடம். ஃபிலிம் அறுந்து நாலு ஃபிரேமை வெட்டி ஒட்டினால் போச்சு, உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தட்டும் சுமார் இருபது தடவை ஓடியதும் தேய்ந்துவிடும் என்பதால் தியேட்டர்காரர்கள் லேபிளில் ஒவ்வொரு தடவையும் டிக் போட்டு வைப்பார்களாம். பிறகு ஃபிலிமிலேயே ஒலி வந்ததும் இந்த முறை செத்தது, ரீல் ஓரிடம், தட்டு ஓரிடம் என்று பிரிந்து போயின. 1991-ல் இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் சிலர் வைட்டாஃபோன் பிராஜெக்ட் என்று தொடங்கி ஜோடி சேர்க்கக் கிளம்பினார்கள். முதல் டிஸ்க்கில் இருக்கும் ஜோல்சனின் 1926 குறும்படத்துக்கு ஒலி கிடைத்தது, உடைந்த ஒரு தட்டை ஒட்டி எடுத்துத்தான்.

குறை? கார்ட்டூன்தான். 1936-ல் டெக்ஸ் ஏவரி செய்த ஆந்தைக்குஞ்சு கார்ட்டூனைக் கொடுத்திருக்கிறார்கள், ஜாஸ் சிங்கரையே கிண்டலடிப்பது, அருமை. ஒலிப்பதிவை விளக்கும் 1929 கார்ட்டூன் ஒன்றும் உண்டு, ஆனால் அது வார்னருடையது இல்லை, ஒலிக்கருவி செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனிக்காக எடுத்தது. ஹியூ ஹார்மனும் ருடால்ஃப் ஐசிங்கும் 1930-ல் போஸ்கோ என்ற பாத்திரத்தை வைத்து வார்னரின் லூனி டியூன்ஸ் கார்ட்டூன் வரிசையைத் தொடங்கிய கதைக்கு இங்கே இடமே இல்லை. வார்னர் அப்போதுதான் பாட்டுப் பதிப்பகங்களை வாங்கிப் போட்டிருந்தது. அந்தப் பாட்டுகளை ஜனங்கள் காதில் ஏற்றவே கார்ட்டூன்கள் பயன்பட்டன. பேசும்பட வரலாறு என்று பெட்டி போட்டுவிட்டு இதை விடலாமா? அது வேண்டுமென்றால் 2008-ல் வந்த லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்ஷன் ஆறாம் தொகுப்பின் மூன்றாவது டிஸ்க்கைத் தேட வேண்டும். போஸ்கோவும் கறுப்பினத்தவரைக் கேலியாக வரைந்த உருவம்தான், தெரிந்துகொண்டு பாருங்கள்.

2013-ல் ப்ளூரே பதிப்பும் வந்தது, படத்துக்கு அதுவே தெளிவு. ஆனால் குறும்படங்கள் அதிலும் டிவிடியில்தான், ஆகவே அவற்றுக்காக வாங்குபவர்கள் பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.