வேப்பங்கொட்டைக் கரைசலும் வடிகட்டும் தொல்லையும்: மூன்று பருவ அனுபவம்

செடியின் வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு, வேப்பங்கொட்டைக் கரைசலுக்குக் கட்டுப்படுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கத்தரியிலும் வெண்டையிலும் மூன்று பருவங்களாக அதை ஊற்றி வருகிறேன். கட்டுப்படும், ஆனால் வடிகட்டும் வேலை மனிதனைக் கொன்றுவிடும்.

லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்ட வேண்டும். மாவுபோல் இடித்தால் சாறு நன்றாக இறங்குகிறது; ஆனால் துணியின் கண்கள் அடைத்துக்கொள்கின்றன. கொரகொரப்பாக இடித்தால் எளிதில் வடிகிறது, சாறுதான் நீர்த்துப்போகிறது. இரண்டு முறை வடித்த கரைசலைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டதில் பாதித் துளைகள் அடைபட்டன. ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தித் திறந்த அந்த மாலையை நான் மறக்கப் போவதில்லை. அன்றிலிருந்து குவளையால் செடிக்குச் செடி ஊற்றுகிறேன்.

இவ்வளவு பாடுபட்டும் ஒருமுறை ஊற்றினால் போதாது. வேரைத் தேடி மண்ணில் நெளியும் இளம்புழுக்களைத்தான் கரைசல் முடக்குகிறது; வேருக்குள் குடியேறிவிட்ட பெண்புழுவையோ, பிசின் போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் முட்டைகளையோ அது அவ்வளவாகத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான மண்ணில் ஏறக்குறைய 25 முதல் 30 நாட்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், நடவுக் குழியில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். வேப்பம் பருப்பில் புழுவைத் தாக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதையும் என்பதால் அதுவும் மாலையில்தான்.

நியாயமாகச் சொன்னால் பலன் இருக்கிறது. கரைசல் ஊற்றாத வரிசையில் பிடுங்கிய வெண்டையின் வேர், முடிச்சு முடிச்சாக வீங்கி இஞ்சிக் கிழங்கைப்போல் இருந்தது. ஊற்றிய வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முடிச்சுகள் தென்பட்டன. (பயறுவகை வேரில் காணும், நன்மை செய்யும் பாக்டீரியா உருண்டைகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அவை விரல் பட்டாலே உதிரும், நூற்புழு முடிச்சு வேரோடு வேராக நிற்கும்.)

செண்டுமல்லி இலைச்சாறு என் நிலத்தில் ஒன்றும் செய்யவில்லை. செண்டுமல்லிச் செடியையே முந்தைய பருவத்தில் நெருக்கமாகப் பயிரிட்டபோது அடுத்து வைத்த கத்தரி தெளிவாகத் தேறியது. உயிருள்ள வேருக்கு இருக்கும் வலிமை பிழிந்த இலைக்கு இல்லை போலும்.

ஆகவே நண்பரிடம், கரைசல் வேண்டாம், வேப்பம் பிண்ணாக்கை அடியுரமாக இட்டுச் செண்டுமல்லியைச் சுழற்சிப் பயிராக வையுங்கள் என்றேன். அதைச் சொல்லி முடித்த கையோடு, நாளைய ஊற்றுக்கு நான் பருப்பு இடிக்கப் போனேன்.